மூலையில் ஒரு குட்டி அம்பு

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் கிடங்குக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பதே அங்கே பாதிப்பேருக்குத் தெரியாது. ஸ்பேர் அக்கா என்றால்தான் தெரியும். கதவு உருளையோ, பொத்தானோ, ஃபியூஸோ, எதை வந்து கேட்டாலும் ஒன்று போக இன்னொன்று அவளிடம் இருக்கும். எடுத்துக் கொடுத்த கையோடு அடுத்ததற்கு ஆர்டர் போட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். எங்கேயோ ஒரு கட்டடத்தில் மனுஷன் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, ஸ்டாக் இல்லை என்று கையை விரிப்பதைப் போல ஒரு கேவலம் உலகத்தில் உண்டா என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

வீட்டிலும் இதே கூத்து. பூட்டுக்கு ரெண்டு சாவி, அந்த ரெண்டும் தொலைந்தால் எடுக்க அக்கம்பக்கத்தில் ஒரு சாவி. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு மாற்றுக் கண்ணாடி. டார்ச் விளக்கு கெட்டுப்போனால் இன்னொரு டார்ச் விளக்கு. "எனக்கும் ஒரு ஸ்பேர் வாங்கி வச்சிருக்கியாடி?" என்று புருஷன் கேலி செய்வார். அவளும் லேசில் விடுகிறவள் இல்லை. ஆர்டர் கொடுத்தாயிற்று, சத்தம் கம்மியான மாடலாகப் பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்பாள்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாலும் அவர் போடும் கத்தல் தெருமுனை வரை கேட்கும். கிளட்ச்சை விடு, கிளட்ச்சை விடு என்று நாளெல்லாம் கத்தியதில் 'கிளட்ச் மாமா' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அவரிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர்கள் அந்த ஊரில் கிடையாது. ஆனால் திட்டு வாங்கியவர்கள்தான் தங்கள் பெண்டாட்டியையும் தங்கச்சியையும் அவரிடமே கற்றுக்கொள்ள அனுப்பி வைத்தார்கள். அவர் திட்டுவதில் ஒரு அக்கறை இருந்தது. அது கேட்கிறவனுக்கும் தெரிந்தது.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்து உட்கார்ந்தது. முதலில் கரகரப்பு, பிறகு விழுங்கும்போது வலி, பிறகு ஆஸ்பத்திரி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை போடுவோம், மூச்சு அது வழியாகப் போய்விடும், பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். கிளட்ச் மாமா, என் கிட்ட கத்துக்கிட்டவன் எவனோ சாபம் விட்டிருக்கான் என்று சொல்லிச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அங்கேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர் இருந்தார். அவர்தான் வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் இவர் குரலில் நிறைய வாக்கியங்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பி, இவர் குரலைப் போலவே ஒரு குரலைச் செய்து தருவார்களாம். பிறகு இவர் போனில் எதைத் தட்டினாலும் போன் அதை இவர் குரலிலேயே பேசும். சொந்தக் குரலிலேயே பெண்டாட்டியைத் திட்டலாம் என்றார் அந்த அம்மா. அந்த ஒரு வார்த்தையில் கிளட்ச் மாமா விழுந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் தம்பி உள்ளே வருகிறான். அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பிரிண்டர் விற்கிற கடையில் வேலை. குடும்பத்தில் யார் கம்ப்யூட்டருக்குத் தும்மல் வந்தாலும் அவன்தான் டாக்டர். மோசமானவன் என்று சொல்லிவிட முடியாது. உதவி என்றால் முதல் ஆளாக வந்து நிற்பான். ஆனால் எதையும் விளக்கிச் சொல்கிற பொறுமை மட்டும் கிடையாது. உனக்கு அதெல்லாம் எதுக்குக்கா, நான் சொல்றத மட்டும் செய் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவான்.

தன் பழைய லேப்டாப்பையே மாமாவுக்கென்று கொண்டுவந்து கொடுத்தான். பதிவாகிறதெல்லாம் உள்ளே எங்கேயோ ஒரு இடத்தில் போய்ச் சேரும்படி செய்தான். அதைத் தேடி அக்கா அலையக்கூடாதே என்று, திரையில் கண்ணுக்கு எதிரே ஒரு மஞ்சள் ஃபோல்டர் படத்தை வைத்து, 'மாமா குரல்' என்று பெயரும் போட்டான். இதைத் தட்டினால் எல்லாம் திறக்கும். வாரத்துக்கு ஒருமுறை இதை அப்படியே பென் டிரைவில் காப்பி எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடு, வேலை முடிந்தது என்றான். காப்பி எடுத்து வைப்பதைப் பற்றி ஸ்பேர் அக்காவுக்கா சொல்லித்தர வேண்டும்? போய் ரெண்டு பென் டிரைவாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

பதிவு சாயங்காலங்களில் நடந்தது. படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பேசுவார். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியங்களைப் படிக்கச் சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். 'தயவுசெய்து ஜன்னலைத் திறக்க முடியுமா' என்று நான் எந்த ஜென்மத்தில் கேட்டேன் என்பார். சரி, உங்கள் பேச்சையும் சேர்த்துப் பேசுங்கள் என்று அந்த அம்மா அனுமதி கொடுத்ததும் மனுஷன் அவிழ்த்துவிட்டார். பிரேக்கைப் பற்றிய திட்டுகள், கண்ணாடி பார்க்காமல் வண்டியைத் திருப்புகிறவர்களுக்கான திட்டுகள், மாமியார் வீட்டைப் பற்றிய திட்டுகள். பக்கத்து அறையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. அதுவும் அவளுக்குக் கேட்கத்தான் செய்தது.

ஒருநாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார். வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அவளுக்கென்று தனியாகக் கொஞ்சம் பேசியிருக்கிறேன், அவள் கேட்கிறதுக்கு முன்னால் நீ கேட்கக்கூடாது என்று வெளியே வந்து கறாராகச் சொன்னார். கண் சிவந்திருந்தது. ஸ்பேர் அக்காவும் மீறவில்லை. மகளை அவர் கூப்பிடுகிறபடியே 'பாப்பாவுக்கு' என்று பெயர் போட்டிருந்த அந்தப் பதிவை ஒருமுறைகூடத் தொடவில்லை. அந்த நல்லபிள்ளைத்தனத்தை நினைத்து இப்போது தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்து வந்ததும் காப்பி எடுத்தாள். "காப்பி ஆச்சா?" என்று அவர் உள்ளே இருந்து கேட்பார். குடிக்கிற காப்பியா, எடுக்கிற காப்பியா என்று இவள் கேட்பாள். ரெண்டும்தான் என்பார். திரையில் இருக்கும் மஞ்சள் ஃபோல்டரை இழுத்துக்கொண்டுபோய் பென் டிரைவில் விடுவாள். கண் இமைப்பதற்குள் ஏறிவிடும். விலை அதிகம் என்றாலும் சரக்கு நல்ல சரக்கு, என்ன வேகம் பார் என்று மெச்சிக்கொள்வாள். படத்தின் கீழ்மூலையில் வளைந்த அம்பு ஒன்று குட்டியாகத் தெரியும். சரியாக ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கிடங்கில் சரிபார்த்த பெட்டியின் மூலையில் அவளும் அப்படித்தான் ஒரு கோடு போட்டு விடுவாள்.

அதோடும் விடவில்லை. மேலோட்டமாக எதையும் நம்புகிறவள் இல்லையே. ஒவ்வொரு முறையும் பென் டிரைவில் இருப்பதைத் தட்டித் திறந்து, ஏதாவது ஒரு பதிவை ஓடவிட்டுப் பார்ப்பாள். "கிளட்ச்சை மெதுவா விடுடா, அது என்ன உன் சொத்தா?" என்று அவர் கத்துவார். திருப்தியாக மூடிவைப்பாள். ஒரு பென் டிரைவ் துணி அலமாரியில், இன்னொன்று கிடங்கில் அவளுடைய பூட்டுப் போட்ட இழுப்பறையில். வீடே பற்றி எரிந்தாலும் ஒன்று மிஞ்சும். கிடங்குக் கம்ப்யூட்டரில் வெளிப் பென் டிரைவைச் சொருகக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சட்டத்தை மீறுவதும் அவள் வழக்கமில்லை. அதனால் அங்கே அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தின நாள்தான் கடைசி வாக்கியம் முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதால், வீடு திரும்பியதும் அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் யாருக்கு இதெல்லாம் நினைப்பில் இருக்கும்? கழுத்தில் துளையோடு அவர் கண் விழித்தபோது உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். காற்று மட்டும்தான் வந்தது. கொஞ்ச நாள் பொறுங்க, உங்க குரல் வீட்டுல பத்திரமா இருக்கு என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து அனுப்ப உட்கார்ந்தால் லேப்டாப் சண்டித்தனம் செய்தது. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. தம்பிக்குப் போன் போட்டாள். வந்து பார்த்தான். கண்ட குப்பையும் சேர்ந்துவிட்டது, மொத்தத்தையும் துடைத்துப் புதுசாகப் போட்டால்தான் ஓடும் என்றான். துடைப்பதற்கு முன்னால், நியாயமாகச் சொல்ல வேண்டும், அவன் கேட்டான்.

"அக்கா, காப்பி பத்திரமா இருக்குல்ல?"

"ஒண்ணு இல்லடா, ரெண்டு இருக்கு. தெறந்தும் பாத்துட்டேன்."

சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இருக்காதா பின்னே? யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்பதற்காகவே வாழ்நாளெல்லாம் ரெண்டு ரெண்டாக வாங்கி அடுக்கினவள். அவன் லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப்போய், துடைத்து, புதுசாக எல்லாம் ஏற்றி, பளபளவென்று கொண்டுவந்து வைத்தான். அலமாரியில் இருந்த பென் டிரைவைச் சொருகினான். மஞ்சள் ஃபோல்டரைத் தட்டினான்.

அப்படி ஒரு இடமே இல்லை என்றது திரை. இன்னொரு முறை தட்டினான். அதே பதில். படத்தை உற்றுப் பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. ஓடு, ஓடு என்று ஆட்டோ பிடித்துக் கிடங்குக்குப் போய் இழுப்பறையில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைப் போட்டாலும் அதே அம்பு, அதே பதில்.

"இது ஃபோல்டர் இல்லக்கா" என்றான் தம்பி. "ஃபோல்டருக்குப் போற வழி. வெறும் ஷார்ட்கட். உனக்குச் சுலபமா இருக்கட்டும்னு நான்தான் வச்சேன்."

"நான் தெறந்து பாத்தேனேடா. அவர் பேசினாரே."

"லேப்டாப்ல இருந்துதான் பேசினாரு. பென் டிரைவ் வழி மட்டும் காட்டுச்சு. வேற மெஷின்ல ஒரு தடவை போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

யோசித்துப் பாருங்கள். வாரா வாரம் அவள் அக்கறையாகப் பொத்திப் பொத்தி வைத்தது, வீட்டுக்குப் போகிற வழி எழுதின துண்டுச் சீட்டை. வீட்டை இடித்தாயிற்று. சீட்டு மட்டும் ரெண்டு பத்திரமாக இருக்கிறது. சோம்பேறியாக ஒருத்தி இருந்திருந்தால், காப்பியெல்லாம் இல்லையடா என்று உண்மையைச் சொல்லியிருப்பாள், அவனும் துடைப்பதற்கு முன்னால் தானே எடுத்து வைத்திருப்பான். ஜாக்கிரதைக்காரி என்பதால்தான் போனது.

அப்புறம் நடந்ததெல்லாம் அலைச்சல்தான். அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவரிடம் கொடுத்தார்கள். பழையதன் மேல் புதுசை எழுதிவிட்டீர்களே, சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய எழுத்தைத் தேடச் சொல்கிறீர்கள் என்றார் அவர். முயற்சி செய்ததில் பதிவுகளின் பெயர்கள் சிலது மட்டும் வந்தன. 'பாப்பாவுக்கு' என்ற பெயரும் வந்தது. தட்டினால் உள்ளே ஒன்றுமில்லை.

அக்காவும் தம்பியும் அவர் கடை வாசலிலேயே மோதிக்கொண்டார்கள். அம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று இவள். எத்தனை நிமிஷத்தில் ஏறுகிறது என்றாவது யோசித்தாயா, அத்தனை பேச்சு ஒரு நொடியில் ஏறுமா என்று அவன். கேட்டால்தான் உனக்கெதுக்கு உனக்கெதுக்கு என்று வாயை அடைப்பாயே என்று இவள். நான் துடைக்கும் முன் கேட்டேனா இல்லையா என்று அவன். ரெண்டு பேரும் சொன்னது உண்மை. அதனால்தான் சண்டை தீரவே இல்லை.

கிளட்ச் மாமாவிடம் சொல்ல வேண்டியது அவள் தலையில் விழுந்தது. தற்காலிகத்துக்கு என்று ஆஸ்பத்திரி அம்மா போனில் ஒரு தயார்க் குரலைப் போட்டுக் கொடுத்திருந்தார். இருந்த ஆண்குரல் எல்லாம் இவர் போனில் ஏற மறுத்ததில், வாய்த்தது ஒரு இளம்பெண் குரல். தேன் ஒழுகப் பேசும். விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, அவர் எதையாவது தூக்கி எறிவார் என்று காத்திருந்தாள். திட்டு வாங்கினால் கொஞ்சம் ஆறும் என்று அவளுக்கு இருந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தம்பி ஒருநாள் மன்னிப்புக் கேட்க வந்து மாமாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவர் அவன் முதுகைத் தட்டிவிட்டுப் போனில் எதையோ தட்டினார். "சாப்ட்டுட்டுப் போங்க மாப்ள" என்று அந்தப் பெண்குரல் கொஞ்சியது. தம்பி அழுகையிலேயே சிரித்துவிட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மன்னித்துவிட்டார், அது அவர் இஷ்டம். அவள் அன்று தம்பிக்குச் சாப்பாடு போட்டாள். அதற்குப் பிறகு அவனுக்குப் போன் செய்யவில்லை.

மகள் போன் செய்தாலும் இதே கதைதான். அவர் தட்ட, அந்தக் குரல் பேச, மறுமுனையில் மகள் தடுமாறுவாள். யாரோ ஒரு பொண்ணு பேசற மாதிரி இருக்கும்மா, அப்பான்னு கூப்பிட வாய் வரல என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காகவும் அழுதாள். பிறகு அவளே ஒன்று சொன்னாள். அவளுடைய போன், வருகிற போகிற அழைப்பை எல்லாம் தானாகவே பதிவு செய்கிற ரகமாம். பழைய அழைப்புகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றனவாம். அப்பா பேசினதும் அதில் இருக்குமே!

மகள் தேடி எடுத்து எல்லாவற்றையும் அனுப்பி வைத்தாள். இந்த முறை ஸ்பேர் அக்கா யாரையும் நம்பவில்லை. ரெண்டு பென் டிரைவில் ஏற்றி, எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் பார்த்து, லேப்டாப்பை அணைத்து வைத்துவிட்டு, தெருவில் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் சொருகி, கடைக்காரர் முறைக்க முறைக்கத் திறந்து காதில் வாங்கிச் சரிபார்த்தாள். மகள் போனில் ஒன்று, தன் போனில் ஒன்று, இன்டர்நெட்டில் ஒன்று. இனிமேல் எவன் எதைத் துடைத்தாலும் இது போகாது. பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் கேட்டதற்கு, இவ்வளவு குறைச்சலை வைத்துக் குரல் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். போகட்டும், கேட்கவாவது இருக்கிறதே என்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓடவிட்டாள்.

"ம். நல்லாருக்கேன். இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

எத்தனை நாளைக்குப் பிறகு அந்தக் குரல்! கரகரப்பில்லாத, முழுக் குரல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்ததை ஓடவிட்டாள். "ம். சாப்ட்டியா? சரி, இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அடுத்தது. "மாப்ள சௌக்கியமா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அதற்கடுத்ததும் அதுதான். நாளெல்லாம் ஊரான் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தின மனுஷன், பெற்ற மகளிடம் பேசினது இவ்வளவுதான். பாதியில் அவர் கையை நீட்டி நிறுத்தினார். போனை எடுத்து வெகுநேரம் தட்டினார்.

"அவகிட்ட நான் வேற எதுவுமே பேசினது இல்லையா?" என்று தேனாகக் கேட்டது அந்தப் பெண்குரல்.

"பேசினீங்களே, கதவைச் சாத்திட்டு" என்றாள் அவள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். மகள் இப்போது மாசமாக இருக்கிறாள், நீங்கள் தட்டிக் கொடுங்கள், இப்போதே போட்டுக் காட்டலாம், அவளுக்கு அது போதும் என்று கெஞ்சினாள்.

அவர் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். அதையும் அழித்தார். கடைசியாக ஒன்றைத் தட்டிவிட்டுப் போனை அவள் மடியில் வைத்தார்.

"இந்தக் குரல்ல அதைச் சொல்ல மாட்டேன்" என்றது அந்தக் குரல்.